பதினோராயிரத்துச் சொச்சம்

முதலில் போனது சிவப்பு.
கிர்க்வால் துறைமுக வாயிலில் மிதவை
துருவாய்த் தெரிந்தது, பிறகு சாம்பலாய்.
அதைப் பார்த்துத்தான் ஃபெர்ரியைத் திருப்பிக்கொண்டிருந்தாள் மெரன்.
யாரோ வண்ணமடிக்க மறந்துவிட்டார்கள் என்று
துறைமுக அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள்.
என் அக்கா அப்படித்தான்.
தப்பு கடலில் இருக்கும், தன்னிடம் இராது.

அடுத்தது இடது கால்.
இரும்பேணியின் மூன்றாம் படியில்
வேறு யாருடையதோ போல நின்றுவிட்டது.

அபர்தீனில் படம் எடுத்தார்கள்.
மூளைக்குள் வெள்ளைப் புள்ளிகள்,
இருட்டில் படுத்திருக்கும் ஆடுகளைப் போல.
மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்றார்கள்.
ஆர்க்னித் தீவுகளில் இதற்கு யாரும் வாயைப் பிளப்பதில்லை.
“ஓ, உனக்குமா” என்று
தேநீருக்குத் தண்ணீர் வைப்பார்கள்.

ஆறு வருடம் ஊசி.
கால் வந்தது, போனது, வந்தது.
கண் வரவேயில்லை.
இந்நேரம் கொஞ்சமாவது திரும்பியிருக்க வேண்டுமே என்று
புதிதாய் வந்த டாக்டர் இஸ்பிஸ்டர்
ரத்தம் எடுத்து அனுப்பினார்.
ஓர் எண் வந்தது:
பதினோராயிரத்து எழுநூற்று எழுபத்தெட்டு.

நான் காற்றாலை மெக்கானிக்.
பதினோராயிரம் என்றால் எனக்கு வோல்ட்.
தொட்டால் கரி.
“இது எழுத்து” என்றார் அவர்.
“பதினாறாயிரத்துச் சொச்சம் எழுத்துகளில்
ஒன்றே ஒன்று மாறியிருக்கிறது.
மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லின் மின்நிலையம்...”
“அங்கேதான் வேலை பார்க்கிறேன்” என்றேன்.

சிரித்துவிட்டுத் தொடர்ந்தார்.
உறை உரிந்த நரம்பு
அதே சேதியைக் கடத்த
முன்னைவிட அதிக மின்சாரம் கேட்கும்.
உரித்தது ஒரு நோய்.
கேட்டபோது கைவிரித்தது இன்னொன்று.
எது எதைக் கிளப்பிவிட்டது?
“தெரியாது” என்றார்.
அந்த ஒரு சொல்லுக்காகவே அவரைப் பிடித்துப்போனது.

இது அம்மாவிடமிருந்து மட்டும் வரும்.
அப்பா தந்தது ட்ரெவர் என்ற பெயரும்
நாற்பதில் வழுக்கையும்.
பூதக்கண்ணாடியோடு தேவாலயப் பதிவேட்டில்
தாய்வழியைத் தேடினாள் மெரன்.
ரெண்டல், ஃபூபிஸ்டர், லின்க்லேட்டர்.
கல்யாணத்துக்குக் கல்யாணம் பெயர் மாறி
பெண்கள் தொலைந்துகொண்டே போனார்கள்.
எந்தப் பட்டியலிலும் ஏறாத சீதனமாய்
இது மட்டும்
வீடு மாறாமல் வந்திருக்கிறது.

எனக்கும் இருக்கிறது.
ஆண்களுக்குத்தான் பார்வை அதிகம் போகுமாம்.
என்றைக்கு என்று சொல்ல முடியாதாம்.
போகாமலே இருந்துவிடலாமாம்.
சிகரெட்டை விட்டேன்.

என் மகள் இங்காவுக்கு
என்னிடமிருந்து இதில் ஒரு துளி போகாது.
நான் முட்டுச்சந்து.
மெரனின் மகள் தோராவுக்கு உண்டு.
பதினாலு வயது, கணக்கில் கெட்டி.
“அப்போ மாமா, லாட்டரி உங்களுக்குத்தான்” என்றாள்.
ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்த மெரன்
வெட்டிக்கொண்டே இருந்தாள்.
ஆறு பேருக்கு, எட்டு பேருக்கு.
நாங்கள் இருந்தது மூவர்.

நேற்று அருமையான காற்று.
மதியம் கட்டளை வந்தது: நிறுத்து.
இவ்வளவையும் கொண்டுபோக
கடலடிக் கேபிளுக்குத் தெம்பில்லை.
எப்போதும் இதே கதை,
நல்ல காற்றில்தான் நிறுத்தச் சொல்வார்கள்.
இறக்கைகளைக் காற்றுக்கு விலக்கிவைத்துவிட்டு
போனை எடுத்தால் மெரன்.

“படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கால் இல்லை.
அவசரமில்லை, முடித்துவிட்டு வா.”
வண்டிச் சாவியைத் தேடினேன்.
“அங்கிருந்து மிதவை தெரிகிறதா?”
“தெரிகிறது.”
“என்ன நிறம்?”

இடது கண்ணைப் பொத்திப் பார்த்தேன்.
வலதைப் பொத்திப் பார்த்தேன்.
தினமும் காலையில் செய்வதுதான்,
யாரிடமும் சொன்னதில்லை.

“சிவப்பு” என்றேன்.

கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசியது.
“அப்போ” என்றாள்,
“என் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது.”